எண்ணெய்ப் பிசுக்கும் எபாக்சி பசையும்: மூன்றாண்டு அனுபவம்

பிசின், கெட்டியாக்கி என இரண்டு குழாய்களில் வரும் சாதாரண எபாக்சி பசையை எஃகு, அலுமினியத் துண்டுகளை ஒட்டுவதற்கு மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பசையின் மீது எனக்குக் குறையில்லை. ஒட்டு விட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் குற்றம் நான் சரியாகத் துடைக்காத எண்ணெயின் மீதே இருந்தது.

முதல் ஆண்டில், கருவிப் பெட்டியின் எஃகுக் கதவில் ஒரு கைப்பிடியை ஒட்டினேன். துருப்பிடிக்காமலிருக்கப் பூசப்பட்டிருந்த எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. எட்டு மாதங்கள் உறுதியாக நின்ற அக்கைப்பிடி, ஒரு நாள் இழுத்தபோது பசையோடு முழுத் தகடாகக் கழன்று கையில் வந்தது. கதவில் பசையின் சுவடே இல்லை. இதற்கு மாறாக, நன்கு சுத்தம் செய்து ஒட்டிய ஒரு துண்டை உளியால் நெம்பிப் பிரித்தபோது, பசை தனக்குள்ளேயே கிழிந்து இரு பக்கங்களிலும் தங்கியிருந்தது. எட்டு மாதம் தாங்கியதுதான் என்னை ஏமாற்றியது.

திரவமான பசை பரவிப் படிய வேண்டுமானால், அதைத் துளியாகத் திரளச் செய்யும் பரப்பு இழுவிசையைவிட, ஒட்டப்படும் பரப்பின் ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். சுத்தமான உலோகத்தில் அந்த ஆற்றல் சதுர மீட்டருக்குப் பல நூறு மில்லிஜூல். எண்ணெய்ப் படலத்திலோ ஏறத்தாழ 30 தான். எபாக்சியின் பரப்பு இழுவிசை அதே அலகில் 40-ஐ ஒட்டியிருப்பதால், அது உலோகத்தில் விரிகிறது, எண்ணெயில் சுருங்குகிறது. அப்படியே பரவினாலும் அது பற்றுவது எண்ணெயைத்தான். அந்த எண்ணெய்க்கோ உலோகத்தின் மீது வலுவான பிடிப்பு இல்லை.

அடுத்த முறை வேறொரு தவறு செய்தேன். முதலில் உப்புத்தாள் தேய்த்துவிட்டுப் பிறகு கரைப்பானால் துடைத்தேன். கீறல்களுக்குள் எண்ணெயை நானே திணித்துவிட்டேன் என்பது பின்னர்தான் விளங்கியது. இப்போது அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மீண்டும் அசிட்டோனால் துடைக்கிறேன். ஒவ்வொரு முறையும் துணியின் புதிய பக்கம், ஒரே திசை. அழுக்கான துணி எண்ணெயை அகற்றாது, இடம் மாற்றும். தடித்த கிரீசுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதவில்லை. சிலிகோன் தெளிப்பு பட்ட உலோகத்தில் இத்தனை செய்தும் ஒட்டு நிலைக்கவில்லை.

சுத்தமானதா என்று பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் போதும். அது உடையாத மெல்லிய படலமாக நின்றால் எண்ணெய் போயிருக்கிறது. முத்துமுத்தாகத் திரண்டால் மறுபடியும் துடைக்க வேண்டும். சோதித்த எஃகை உடனே நன்றாக உலர்த்தாவிட்டால் துரு ஏறிவிடும். துடைத்த பரப்பில் விரல் பட்டாலும் தோலின் எண்ணெய் படியும் என்பதால், கையுறை அணிந்தே ஒட்டுகிறேன்.

மெல்லிய எண்ணெயைத் தமக்குள் கரைத்துக்கொள்ளும் அக்ரிலிக் பசைகளும் உண்டு. அவற்றின் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேலே சொன்ன முறைப்படி துடைத்து, எபாக்சியால் மறுபடியும் ஒட்டிய அதே கைப்பிடி, இரண்டு ஆண்டுகளாகக் கழலாமல் இருக்கிறது.