2005 பிஎச்எல், 2013 எச்ஐஎல்: எந்த முதல் சீசன் மேல்?

இந்திய ஆண்கள் ஹாக்கி லீக் என்றாலே பலருக்கும் 2013-இல் ஹாக்கி இந்தியா அமைப்பு தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்தான் (எச்ஐஎல்) நினைவுக்கு வரும். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, ஐபிஎல் பிறப்பதற்கும் முன்னால், பிரீமியர் ஹாக்கி லீக் (பிஎச்எல்) வந்துவிட்டது.

துணிச்சலில் 2005-தான் முந்துகிறது. ஆட்டத்தை நான்கு பகுதியாக வெட்டிப் பார்த்தார்கள். உலக ஹாக்கி சம்மேளனம் அந்த முறைக்கு வந்ததே 2014-இல்தான். நம்ம ஊருக்கு 'சென்னை வீரன்ஸ்' என்று ஓர் அணியும் இருந்தது. ஆனால் எல்லா ஆட்டங்களும் ஹைதராபாத்தில் மட்டுமே நடந்தன. கோப்பையும் ஹைதராபாத் சுல்தான்ஸுக்கே. சொந்த மண்ணில் ஆடாத அணிக்கு ரசிகர் கூட்டம் எப்படிச் சேரும்?

2013 அந்தக் குறையைத் தீர்த்தது. ஐந்து அணிகள், ஏலம், அணிகளுக்குச் சொந்த மைதானம். இந்திய அணிக் கேப்டன் சர்தார் சிங்கை டெல்லி 78,000 டாலருக்கு எடுத்தது. ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே, ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையர் போன்ற நட்சத்திர வீரர்களோடு நம் பையன்கள் ஒரே அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இது கிடைக்காது. இறுதிப் போட்டியில் ராஞ்சி 2-1 என்று டெல்லியை வென்றது, அதுவும் ராஞ்சியிலேயே. எல்லைப் பதற்றத்தால் பாகிஸ்தான் வீரர்கள் ஆடாமலே திரும்பியது பெரிய வருத்தம்.

மொத்தத்தில் என் ஓட்டு 2013-க்கு. ஆனால் அந்த ஐந்தில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை.