‘வேட்டைக்காரர்கள் விரும்பும் 12×42’ பைனாகுலர்: காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரின் இணையச் சந்தையில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. “சென்ற வேட்டைப் பருவத்தில் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அதிகம் விரும்பிய பைனாகுலர். 12×42. ஈடி கண்ணாடி, மெக்னீசிய உடல், நைட்ரஜன் நிரப்பியது, தண்ணீர் புகாது. பருவம் முடிந்ததால் கடைக் காட்சிப் பொருள் தள்ளுபடி விலையில், 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).” 12×42 என்றால் 12 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் குறுக்களவு 42 மில்லிமீட்டர் என்று பொருள். எங்கள் பறவை பார்க்கும் குழுவுக்காக அதில் ஒன்றை வாங்கினோம். வந்த பொருளில் மேலே சொன்ன ஒரு வரிகூட உண்மையில்லை. பணமும் திரும்பவில்லை. வலசைப் பறவைகளுக்காக முதல் பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காகவே, நாங்கள் சோதித்துப் பார்த்ததை முழுக்க எழுதுகிறோம்.

முதலில் ‘வேட்டைக்காரர்கள் விருப்பம்’ என்ற சொல்லைப் பற்றி. சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் காட்டுயிரைப் பிடிப்பதும் கொல்வதும் காட்டுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே இந்தச் சரக்கு வந்து சேருவது பறவை பார்ப்பவர்கள், காட்டுநடை போகிறவர்கள் கையில்தான். வேட்டைக்காரர்கள் நல்ல கண்ணாடியைத் தேடி வாங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தேவை வேறு. அந்தி வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்காக மரமேடையில் உட்கார்ந்திருப்பவர் 8×56 கேட்பார். அவர் ஊரில் அந்தி நீளம். நமக்கோ ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் 56 மில்லிமீட்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த இருபது நிமிடத்துக்காக நாள் முழுக்க நடக்க முடியாது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்மணி பெரும்பாலும் 8×56 அனுப்பும் ஒளிக்கற்றையின் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரிவதும் இல்லை, அதனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே போகாது. புக்கிட் தீமா, மெக்ரிச்சி போன்ற நிழல் காடுகளுக்கு 8×42 போதும். சுங்கை பூலோவில் சேற்றுத் திட்டில் நிற்கும் உள்ளானையும் கோட்டான் என்னும் நீள அலகுக் கரைப்பறவையையும் பார்க்க 10×42 கொஞ்சம் உதவும். 12 மடங்கு என்பது கையில் பிடித்தால் ஆடிக்கொண்டே இருக்கும். விற்பவர் 12 என்று எழுதுவதன் காரணம் ஒன்றுதான், பெரிய எண் வேகமாக விலைபோகும்.

அந்த எண்ணே பொய்யாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடிக்கோலும் கைத்தொலைபேசி விளக்கும் வெள்ளைத்தாளும் போதும்.

பைனாகுலரைத் தொலைவுக்கு ஃபோகஸ் செய்து, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். கண் பக்க லென்ஸின் நடுவில் சின்ன ஒளிவட்டம் ஒன்று மிதக்கும். அதன் குறுக்களவு, முன் லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணாக இருக்க வேண்டும். 8×42 என்றால் 5.25 மில்லிமீட்டர், 10×42 என்றால் 4.2, 12×42 என்றால் 3.5. எங்களுக்கு வந்ததில் 4.4 இருந்தது. 42-ஐ 4.4-ஆல் வகுத்தால் ஒன்பதரை வருகிறது, “சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்” என்று இங்கேயே நின்றுவிடுவோம். நிற்கக் கூடாது.

அடுத்ததாக விளக்கைக் கண் பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து லென்ஸுக்குள் அடியுங்கள். முன் லென்ஸை ஒட்டித் தாளைப் பிடித்தால் அதில் ஒரு வட்டம் விழும். உண்மையாக வேலை செய்யும் லென்ஸின் அளவு ஏறக்குறைய அதுதான். எங்களுடையதில் 35 மில்லிமீட்டர் விழுந்தது. வெளியே கண்ணாடி 42 தான், ஆனால் உள்ளே ஒரு வளையம் வைத்து ஓரத்து ஒளியை மறித்திருக்கிறார்கள். மலிவான லென்ஸின் ஓரத்தில் உருவம் குழம்பும், அதை மறைக்க இது சுலப வழி. 35-ஐ 4.4-ஆல் வகுத்தால் 8. ஆக, 12×42 என்று விற்றது 8×35.

இந்தச் சோதனை கடை வாசலில் ஐந்து நிமிட வேலை. பொருளைக் கையில் எடுக்க முடியாதபோது விளம்பரத்திலேயே ஒரு கணக்கு போடலாம். பார்வைப் பரப்பு “1000 மீட்டரில் 168 மீட்டர்” என்று போட்டிருந்தார்கள். 1000 மீட்டர் தொலைவில் ஒரு பாகை ஏறத்தாழ 17.5 மீட்டர். 168-ஐ அதனால் வகுத்தால் 9.6 பாகை. அதை 12-ஆல் பெருக்கினால் கண்ணுக்குத் தோன்றும் அகலம் 115 பாகை! நல்ல அகலப் பார்வை கொண்ட பைனாகுலர்களே இந்தக் கணக்கில் 60 முதல் 70 பாகைக்குள்தான் நிற்கும். பொதுவாக 8×42-க்கு 120 முதல் 140 மீட்டர், 10×42-க்கு 105 முதல் 120 மீட்டர். அதைவிட எக்கச்சக்கமாக எழுதியிருந்தால் எழுதியவருக்குப் பொருளைப் பற்றித் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கண்ணாடியின் தரத்தைச் சொல்லும் சொற்கள் இன்னும் மோசம். ‘ஈடி’ என்பது உருவத்தின் ஓரத்தில் நிறம் பிரிவதைக் குறைக்கும் கண்ணாடி. அதை வீட்டில் நிரூபிக்க வழியில்லை. வெளிர் வானத்துக்கு எதிரே நிற்கும் இலையில்லாத கிளையைப் பார்த்தால், நல்ல கண்ணாடியில் கிளை ஓரத்து ஊதா, பச்சைக் கோடு மெல்லியதாக இருக்கும் அல்லது இருக்காது. எங்களுடையதில் கிளைக்கு இருபுறமும் பேனாவால் கோடு போட்டதுபோல் ஊதா தெரிந்தது. முன் லென்ஸ் மாதுளை முத்துபோலச் சிவப்பாக மின்னினால், தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்பும் பூச்சு அது. உள்ளே படம் பச்சை பாய்ந்து மங்கலாகத்தான் தெரியும். காட்டுக் கோழியின் சிவப்பையும் கரிச்சானின் கருநீலத்தையும் நம்பிச் சொல்ல முடியாது.

குழாய் நேராக இருக்கும் வகைப் பைனாகுலரில், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்துக்கு ‘ஃபேஸ்’ பூச்சு இருந்தால்தான் படம் கூர்மையாக விழும். இருப்பதாக விளம்பரம் சொன்னது. மடிக்கணினியில் வெறும் வெள்ளைத் திரையைத் திறந்து அதை நோக்கிப் பைனாகுலரைப் பிடித்து, கண் பக்கத்தில் போலராய்டு வெயில் கண்ணாடியின் ஒரு வில்லையை வைத்து மெதுவாகத் திருப்பினோம். ஒளிவட்டம் நடுவில் கோடு விழுந்து ஒரு பாதி வெளுப்பாகவும் மறுபாதி கறுப்பாகவும் பிரிந்தது. பூச்சு இருந்தால் வட்டம் முழுக்க ஒரே சீராக இருளும். பழைய பாணி அகலத் தோள் வகைக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அதில் ஒளிவட்டத்தின் ஓரம் சதுரமாக வெட்டினாற்போல் சாம்பல் பூத்திருந்தால் பிரிசம் மட்டமான கண்ணாடி, அவ்வளவுதான்.

எங்களை அதிகம் வருத்தியது ஈரம். ‘நைட்ரஜன் நிரப்பியது’ என்றால் உள்ளே ஈரக்காற்றே இல்லாமல் ரப்பர் வளையங்களால் அடைத்திருக்க வேண்டும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அடைப்பு சரியில்லாத பைனாகுலருக்குள் பூஞ்சை பிடிக்க அது தாராளம். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் வெளி லென்ஸில் ஆவி படிவது குறையல்ல, எவ்வளவு விலை கொடுத்த பைனாகுலரிலும் படியும், துடைத்தால் போய்விடும். துடைத்தபிறகும் உள்ளே மூட்டம் நின்றால் அடைப்பு போய்விட்டது. வீட்டில் பார்க்க, பைனாகுலரை ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். உறைபெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு உள்ளே பாருங்கள். தண்ணீரில் முக்கிச் சோதிக்கும் வேலையும் வேண்டாம், விற்றவர் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்.

பூஞ்சையைக் கண்டுபிடிக்க இருட்டறையில் முன் லென்ஸின் ஓரமாக விளக்கைச் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் தெரியாது. எங்களுடையதில் வலது குழாயின் பிரிச முகத்தில், பச்சரிசி அளவுக்கு, புல் வேர் பிரிவதுபோல் கிளைவிட்ட வெள்ளை நூல்கள் இருந்தன. தூசி என்றால் தனித்தனிப் புள்ளி, பூஞ்சை என்றால் கிளை பிரியும். அது பூச்சை அரித்துக்கொண்டே போகும், சுத்தம் செய்தாலும் அரித்த தடம் மாறாது. கடைக் காட்சிப் பொருள் என்றார்களே, எத்தனை மாதம் எந்த ஈர அறையில் பெட்டிக்குள் கிடந்ததோ. நல்ல பைனாகுலர் வாங்கினாலும் தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் வைக்காதீர்கள். உலர் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதம், அல்லது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் சூடுகாட்டி மீண்டும் போடலாம்.

‘மெக்னீசிய உடல்’ சமாச்சாரம் சுலபமாகவே வெளுத்தது. கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் உறை தானாகவே உரிந்து நின்றது. கீழே சாம்பல் பெயிண்ட், நகத்தால் கீறினால் அடியில் அச்சுக்கோடு ஓடிய கறுப்பு பிளாஸ்டிக். சமையலறைத் தராசில் 540 கிராம். 42 மில்லிமீட்டர் பைனாகுலர்கள் பொதுவாக 600 முதல் 800 கிராம் இருக்கும்.

இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதுதான் தலைவலிக்கும் நிம்மதிக்கும் உள்ள வித்தியாசம். தூரத்து வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பைப் பாருங்கள், குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாகப் பத்து சென்டிமீட்டர் நகர்த்துங்கள். இரண்டு வட்டங்களாகப் பிரியும். இரண்டிலும் அந்த விளிம்பு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் கீழே விழுந்த பொருள், அல்லது சரியாகப் பொருத்தப்படாத பொருள். சிறிய பிசகைக் கண் இழுத்துச் சமாளிக்கும், அதனால் கடையில் இரண்டு நிமிடம் பார்க்கும்போது நன்றாகவே தோன்றும். அரை மணி கழித்துத்தான் நெற்றி விண்ணென்று தெறிக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் தூரம், அதாவது படம் முழுதாகத் தெரியக் கண் பக்க லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம், குறைந்தது 15 மில்லிமீட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அச்சிட்ட எண் லென்ஸிலிருந்து அளந்தது, ரப்பர் கிண்ணத்தின் விளிம்பு அதில் மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். உங்கள் கண்ணாடியோடு பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி பணம். விற்றவர் தளத்தின் உரையாடலை விட்டு வேறு செயலிக்கு வரச் சொன்னார், வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ் வழியாகக் கேட்டார். அங்கேயே விலகியிருக்க வேண்டும். தளத்தின் வழி செலுத்தினால் பொருளைப் பெற்று உறுதிசெய்யும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் வசதி பலவற்றில் உண்டு, கடனட்டையில் வங்கியிடம் முறையிடலாம். பேநவ் போன நொடியில் போனதுதான். குறைகளைப் படத்தோடு அனுப்பியதும் வந்த பதில்: “பருவம் முடிந்த சரக்கு, திரும்ப எடுக்கமாட்டோம். நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்.”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன் சட்டம்’ தள்ளுபடிப் பொருளுக்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காதபோது விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. ஆனால் விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும், தனிமனிதர் வீட்டிலிருந்து விற்றால் இந்தச் சட்டம் வராது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் போகலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. முறையீட்டை எழுதப் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். இவற்றுக்கெல்லாம் விற்றவர் யார், முகவரி என்ன என்று தெரிய வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கைபேசி எண்ணும் புனைபெயரும். ஆகவே காசு கொடுக்கும் முன் ரசீதில் யுஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண்ணைக் கேளுங்கள், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையப் பக்கத்தில் போட்டு அந்தப் பெயர் வருகிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். எண் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். விளம்பரப் பக்கத்தையும் அப்போதே படமெடுத்து வையுங்கள், எங்களுக்கு விற்ற மறுநாளே அது காணாமல் போனது. ‘பத்தாண்டு உலக உத்தரவாதம்’ அட்டையை நம்ப வேண்டாம். உள்ளூர் முகவர் பெயர் அதில் இல்லையென்றால் பழுதுபார்க்க அனுப்பும் செலவு உங்களுடையது.

விளம்பரம் இப்போது வேறு பெயரில் 320 வெள்ளிக்கு மறுபடி ஏறியிருக்கிறது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது முன் லென்ஸின் ஓரத்தில் பூச்சு உரிந்த அரைநிலாத் தடம் ஒன்று இருக்கும், பையின் ஜிப்பில் பச்சை நாடா கட்டியிருக்கும். அந்தத் தடமும் அந்த நாடாவும் உள்ள பைனாகுலர் எங்கள் மேசைமேல் இருக்கிறது. படத்தில் உள்ளது அடுத்து காசு கட்டுபவர் கைக்குப் போகப் போவதில்லை.