கம்பம் பள்ளத்தாக்கில் நடை, மிதிவண்டிப் பாதை: நெடுஞ்சாலை ஓரமா, கால்வாய்க் கரையா, வண்டிப்பாதையா?

தேனி மாவட்டத்தின் தென்மேற்கில், கேரள எல்லை மலைகளின் அடிவாரத்தில் லோயர் கேம்ப் முதல் சின்னமனூர் வரை கிடக்கும் ஊர்களை நடந்தும் மிதிவண்டியிலும் சென்றடையும்படி ஒரு பாதைத் தொகுப்பை ஊர்க்காரர்களே முன்னின்று அமைக்க நினைத்தால், அதற்கு மூன்று தடங்கள் இருக்கின்றன. ஒன்று குமுளி நெடுஞ்சாலையின் ஓரம்; மற்றொன்று பதினெட்டாம் கால்வாயின் கரை; மூன்றாவது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் இன்னும் வண்டிப்பாதை என்றே எழுதப்பட்டிருக்கும், வயலுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான பழைய தடங்கள். இவற்றில் எது அழகானது என்று கேட்டால் விடை எளிது. எது பயன்படும் என்பதுதான் கேள்வி. அரசு தந்த மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பதினொன்றாம் வகுப்பு மாணவி, விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்ட ஜீப்பைப் பிடிக்க நடக்கும் பெண்கள், திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வேலைக்குப் போகிறவர்கள், பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு மிதிக்கிறவர் ஆகியோரை வைத்தே மூன்றையும் எடைபோட வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்துக்கு ஒரு பெரிய வலு உண்டு: மக்கள் போகும் இடங்களுக்கெல்லாம் அது போகிறது. பள்ளி, சந்தை, மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் அதன் மீதே இருக்கின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் பாதயாத்திரையாகச் செல்வோரும், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு நடப்போரும் வேறு வழியின்றி இந்தத் தாரின் விளிம்பில்தான் நடக்கிறார்கள். சபரிமலைக் கூட்டம் மிகும் நாள்களில் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு நடப்பிலிருக்கிறது. வாகனத்துக்குச் செய்த அந்த யோசனை நடப்பவருக்கு இன்னும் செய்யப்படவில்லை. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் கூறியது. கம்பம் நகருக்குள் அந்த 1.8 மீட்டரைத் தேடினால், சாக்கடை மூடியும், கடைப் பலகையும், நிறுத்தி வைத்த ஜீப்புகளும்தான் அகப்படும்.

புறவழிச்சாலைகள் வந்தபின் கனரக வாகனங்களில் ஒரு பகுதி ஊருக்குள் வருவதில்லை என்பதால் பழைய சாலையை இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதே புறவழிச்சாலைகள் வயல்களின் நடுவே போடப்பட்டவை. ஊரிலிருந்து வயலுக்குப் போன தடங்களைக் குறுக்கே வெட்டியவை. நெடுஞ்சாலையில் செலவழிக்க வேண்டிய முதல் ரூபாய், என் கணிப்பில், நீளவாக்கில் பாதை போடுவதற்கன்று. இந்த வெட்டுகளில் வேகத்தடையும் விளக்கும் சாலையைக் கடக்கக் கடவும் அமைப்பதற்கே.

கால்வாய்க் கரையைப் பற்றிப் பேசும்போது எல்லோருடைய குரலும் இளகிவிடுகிறது. காரணமில்லாமல் இல்லை. தண்ணீர் தன் போக்கில் ஓடுவதற்காக மிகச் சிறிய சரிவில் வெட்டப்பட்டது கால்வாய். அதனால் அதன் கரையில் மிதிப்பவருக்கு ஏற்றமே தெரியாது. லோயர் கேம்ப்பில் தொடங்கிக் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம் என மேற்கு மலையடிவாரத்தை ஒட்டியே போகும் பதினெட்டாம் கால்வாயில், முல்லைப்பெரியாறு அணையின் இருப்பைப் பொறுத்து மழைக்காலத்தில் சில வாரங்களே தண்ணீர் வரும். ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டு கிடக்க, கரை சும்மா இருக்கிறது. நிலம் எடுக்க வேண்டியதில்லை. நீர்வளத்துறை என்ற ஒரே துறையிடம் பேசினால் போதும். கனமான சக்கரம் கரையை உடைக்கும். காலும் மிதிவண்டியும் உடைக்கா.

ஆனால் அந்தக் கரை நீருக்காகப் போடப்பட்டது, ஊருக்காக அன்று. அது ஊர்களின் முதுகுப்புறமாகவே போகிறது. மதகும் தொட்டிப்பாலமும் வரும் இடங்களில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். தூர்வாரும் ஆண்டில் அள்ளிய மண் நடக்கும் இடத்திலேயே குவியும். மாலை ஐந்தரைக்குமேல் அங்கே ஆள் நடமாட்டம் இராது. காலி மதுப்புட்டிகள் கிடக்கும் மதகுத் திண்டைக் கடந்து மகள் தனியே வரட்டும் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். தெற்குப் பகுதியில் யானையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 மே இறுதியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்து, ஜூன் முதல் வாரத்தில் பிடிபடும்வரை ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதிவண்டி ஓட்டும் மன்றத்தாருக்குக் கரை உகந்தது. அன்றாடம் போய்வருவோருக்குக் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வரிசையில், ஊரும் கரையும் நெருங்கி வரும் பகுதி மட்டுமே உதவும்.

வண்டிப்பாதைகளுக்கு வருவோம். முல்லைப்பெரியாற்றுக்குக் கிழக்கே சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று நெருங்கி அமைந்த ஊர்களுக்கு இடையே, ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன தடங்கள் பல உள்ளன. புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் மண் இது. தார்ச்சாலை சுற்றிக்கொண்டு போகும் இடத்துக்கு இவை நேரே போகும். இருபுறமும் தோட்டத்தில் ஆள் இருப்பதால் பகலில் தனிமையும் இல்லை. கிராம வரைபடத்தில் கோடாகவும், வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் புறம்போக்காகவும் இருப்பதால், சட்டப்படி இவை பொதுச்சொத்து.

தரையில் நிலைமை வேறு. திராட்சைப் பந்தலின் ஓரக் கல்தூண் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அதன் தலையிலிருந்து கம்பியை இழுத்து, மண்ணில் புதைத்த கல்லில் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். தோட்டத்துக்குள் இருக்க வேண்டிய அந்த இழுகம்பி பல இடங்களில் பாதைக்குள் இறங்கியிருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மிதிவண்டியில் வருகிறவரின் நெஞ்சு உயரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆண்டுக்கு ஒரு சாண் என்று வரப்பு நகர்ந்து, வண்டி போன இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம் என்றான தடங்களும் உண்டு. இதைச் சரிசெய்ய நில அளவர் வர வேண்டும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்துக் கல் நட வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர் மனம் கோணாமல் பேச வேண்டும். மூன்று தடங்களில் மிகுந்த பேச்சும் பொறுமையும் கேட்பது இதுவே. ஆனாலும் கிராமசபைத் தீர்மானத்தில் தொடங்கி ஊராட்சி அளவிலேயே பெரும்பகுதியை முடிக்கக்கூடியதும் இதுவே. நெடுஞ்சாலையில் ஊராட்சிக்குச் சொல்லே இல்லை. கரையில் துறையின் தயவு வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளந்து மீட்ட வண்டிப்பாதையைக் கண்டதும் தார் போடச் சொல்லும் ஆசை எழும். தார் போட்டால் டிராக்டரும் லோடு வேனும் வேகமெடுக்கும். நடப்பவர் மறுபடி ஓரத்துக்குத் தள்ளப்படுவார். கிராவல் கொட்டி, நடு உயர்த்தி, இரு பக்கமும் நீர் வடிய விட்டு, திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தினால் மிதிவண்டிக்குப் போதும். இருசக்கர மோட்டார் வண்டியை எந்தக் கல் நட்டும் தடுக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டே திட்டமிட வேண்டும்.

நான்காவதாக மலைப்பாதைகளைச் சிலர் சேர்ப்பதுண்டு: கோம்பையிலிருந்து ராமக்கல்மெட்டு, தேவாரத்திலிருந்து சாக்கலூத்துமெட்டு. முன்னோர் ஏறிய வழிகள்தாம். ஆயினும் அவை வனத்துறை எல்லைக்குள் வருபவை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் மாண்டபின் மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்துவிட்டன. ஊர்ப்பாதைத் திட்டத்தோடு இவற்றைக் கட்டினால் ஊர்ப்பாதையும் நின்றுபோகும்.

ஆகவே கிழக்கே வண்டிப்பாதையை முதலில் எடுக்க வேண்டும். மேற்கே கோம்பை முதல் தேவாரம் வரையிலான கரையை அதன்பின் சேர்க்கலாம். நெடுஞ்சாலையில் கடவுகளை மட்டும் கேட்டு வாங்கலாம். முதல் பகுதியாகக் காமயகவுண்டன்பட்டிக்கும் ராயப்பன்பட்டிக்கும் இடையிலான தடங்களை அளப்பது தகும். முதல் போகத்துக்கு ஜூனில் அணை திறந்தால் வயலோரத் தடங்களில் நாற்றும் சேறும் நிறைந்து அளவுச் சங்கிலி பிடிக்க முடியாது. வயல்கள் தரிசாகக் கிடக்கும் சித்திரையிலேயே நில அளவருக்கு மனு கொடுத்துக் கல் நட்டுவிட வேண்டும்.