காரைக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கின் புதுநன்மை வகுப்பு: அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனப் பாடத்தை வீட்டில் நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

புதுநன்மை என்பது பிள்ளை முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது. இந்த ஞாயிறு வகுப்பின் பலம், வாங்கப்போவது யாரை என்பதிலிருந்து பாடம் தொடங்குவது. பூசையில் குரு அப்பத்தை அர்ச்சிக்கும் வசீகரத்துக்குப் பின் அது கிறிஸ்துவின் உடலே, தோற்றமும் சுவையும் மட்டுமே அப்பத்தினுடையவை என்பதைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை விடுவதில்லை. 1910-இல் பாப்பரசர் பத்தாம் பயஸ், புத்தி விவரம் தெரிகிற ஏழு வயதளவில் நன்மை கொடுக்கச் சொன்னபோது கேட்டதும் இதைத்தான்: சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிய வேண்டும்.

ஒத்திகை அருமை. வசீகரம் செய்யாத அப்பத்தைக் கொடுத்தே பழக்குகிறார்கள். அது மேலண்ணத்தில் ஒட்டும், பழகாத பிள்ளை விரலை விட்டு நோண்டும். இடது உள்ளங்கை மேலே, வலது கை அடியில், 'ஆமென்' சத்தமாக, அங்கேயே உட்கொண்ட பிறகுதான் திரும்ப வேண்டும், உள்ளங்கையில் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டை விட்டது பிள்ளைகள் கையில் ஏந்தும் மெழுகுதிரியில். அதைப் பிடித்துக்கொண்டு கை நீட்ட முடியாது, வாங்கி வைக்க ஆள் வேண்டும். வெள்ளைக் கையுறையும் வேண்டாம், துகள் நூலில் சிக்கும்.

உபவாசத்தில்தான் குழப்பம். அப்பத்தாக்கள் நடுராத்திரியிலிருந்து பட்டினி போடுவார்கள். அந்தச் சட்டம் 1957-இல் மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமானது. கணக்கு பூசை தொடங்கும் நேரத்துக்கு அல்ல, நன்மை வாங்கும் நேரத்துக்கு. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. காய்ச்சல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மிட்டாய் தடைதான்.

பெரிய குறை பாவசங்கீர்த்தனம். எழுதிக் கொடுத்த பட்டியலை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஒப்பிக்கிறார்கள். நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, பரிகாரம் செய்வது என்ற ஐந்தில் முதல் மூன்றும் அவசரத்தில் அடிபடுகின்றன. முந்தின இரவு பிள்ளையோடு பதினைந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பிரியாணிக்கும் பந்தலுக்கும் ஓடுகிற நாளில் அதுதான் விட்டுப்போகிறது.

கோதுமை ஒவ்வாத பிள்ளையென்றால் சேர்க்கும் அன்றே சாமியாரிடம் சொல்லுங்கள். அரிசி அப்பம் செல்லாது. பசையம் (குளூட்டன்) மிகக் குறைந்த கோதுமை அப்பத்தை முன்கூட்டியே வரவழைக்க வேண்டும். இல்லையேல் அந்தப் பிள்ளைக்கு வசீகரம் செய்த திராட்சை இரசமான திரு இரத்தம் மட்டும் கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.