நீதிபதி தேர்வுக்குக் காசில்லாமல் படிக்க முடியுமா? மூன்று இலவசத் தளங்கள், ஒரு விமர்சனம்

ஒரு ரூபாய் மாதச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு எழுதிய தி. முத்துசாமி ஐயர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். தெருவிளக்கில் படித்தார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். புத்தகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்றும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இடிக்கிற இடம் அதுதான். சிவில் நீதிபதி தேர்வுக்குச் சட்டம், முன்தீர்ப்பு (மேல் நீதிமன்றங்கள் முன்பே சொன்ன, வழிகாட்டியாகக் கொள்ளும் தீர்ப்பு), மாதிரித் தீர்ப்பு மூன்றும் வேண்டும். மூன்றையும் அரசுத் தளங்கள் இலவசமாகவே தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் வழுக்கும் இடம் உண்டு.

சட்டத்துக்கு இண்டியா கோட், மத்திய அரசின் சட்டத் தொகுப்புத் தளம். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கைடைவிட இது நூறு மடங்கு மேல். காரணம் 2024 ஜூலை 1. அன்றுமுதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா (358 பிரிவுகள்), நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (531), சாக்ஷிய அதினியம் (170) நடைமுறைக்கு வந்துவிட்டன. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302 அல்ல, 103. அதற்காக இந்திய தண்டனைச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்னும் அதுதான் பொருந்தும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிவுப் பட்டியலை மட்டும் புரட்டினால் 158-ஓடு முடிந்துவிட்டதாகத் தோன்றும். எழுவினா (வழக்கில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி) வனைவதற்கான கட்டளை (Order) 14-ம் தீர்ப்புக்கான கட்டளை 20-ம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முழு பி.டி.எஃப்.பை இறக்கிக்கொள்வதே நல்லது. 122-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் அந்த விதிகளைத் திருத்தலாம் என்பதால், சென்னை உயர் நீதிமன்றத் திருத்தங்களைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

முன்தீர்ப்புக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கத் திறந்த இ-எஸ்.சி.ஆர். தளம். தேடல் நன்றாகவே இருக்கிறது. புதிய பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். வாக்குமூலத்தின் வழி பொருள் கைப்பற்றுவது பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் பழைய சாட்சியச் சட்டப் பிரிவு 27 என்ற பெயரில்தான் கிடக்கின்றன. தீர்ப்பின் மேலே தரும் தலைப்புக் குறிப்பு (headnote) சுருக்கமாகப் புரிய உதவும்; அது தீர்ப்பின் பகுதி அல்ல, நீதிமன்றத்தின் வார்த்தையாக விடைத்தாளில் எழுதினால் தவறு. தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் உண்டு. முதன்மைத் தேர்வின் மொழிபெயர்ப்புத் தாளுக்கு அவற்றை நம்பி இறங்குவதில் பயனில்லை. அந்தத் தமிழ் கீழமை நீதிமன்றத் தமிழ் அல்ல.

அந்தத் தமிழுக்கும், முதன்மைத் தேர்வின் இரண்டாம், மூன்றாம் சட்டத் தாள்களுக்கும் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் தளம்தான் புதையல். அந்த இரண்டு தாளிலும் வழக்கின் விவரத்தைக் கொடுத்துத் தீர்ப்பே எழுதச் சொல்வார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாதிரியாக வைத்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அது மேல்முறையீட்டின் நடை, சாட்சியை முதன்முதலாக எடைபோடும் நடை அல்ல. மாவட்ட நீதிமன்றத் தளத்தில் உத்தரவுகள் பகுதிக்குள் போய், மாவட்டம், நீதிமன்ற வளாகம், தேதி தேர்ந்து தீர்ப்புகளை இறக்கலாம். கேப்ச்சா எரிச்சலூட்டும். சில கோப்புகள் ஸ்கேன் படங்கள், தேட முடியாது. பழைய எழுத்துருவில் தட்டியவற்றை நகலெடுத்தால் கிறுக்கல்தான் வரும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) போன்ற வழக்குகளின் தீர்ப்புகள் பெரும்பாலும் அங்கே கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படிக்கும் முறை இது. ஓர் அசல் வழக்கு (மேல்முறையீடு அல்லாத உரிமையியல் வழக்கு) தீர்ப்பை எடுத்து, வாதியின் வழக்குரை, பிரதிவாதியின் எதிர்வழக்குரைச் சுருக்கம் வரை படித்துவிட்டு மூடுங்கள். எழுவினாக்களை நீங்களே வனையுங்கள். பிறகு வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) முதலான சாட்சிகள் சொன்னதையும் சான்றாவணங்களையும் மட்டும் பார்த்து, கையால், மூன்று மணி நேரத் தேர்வின் அவசரத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு எழுவினாவுக்கும் தனித் தீர்மானமும் காரணமும் இருக்கிறதா என்று கட்டளை 20 விதி 5-ஐ வைத்துச் சரிபாருங்கள். அடிக்கடி நடக்கும் பிழை: சாட்சியம் முழுவதையும் திருப்பி எழுதிவிட்டு, யார் சொன்னதை ஏன் நம்பினோம் என்பதை ஒரே வரியில் முடிப்பது. நிரூபிக்கும் சுமை யார்மேல் என்பதே பல விடைத்தாள்களில் இருக்காது. குற்றவியல் தீர்ப்புக்கு இதே பயிற்சி, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 393-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மூன்று தளமும் செய்யாத வேலை ஒன்று உண்டு: நீங்கள் எழுதியதைத் திருத்தித் தருவது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியபோது, ஏழைப் பிள்ளைகளுக்கு அது பாரம்தான் என்ற பேச்சு எழுந்தது, நியாயமான பேச்சு. அந்த மூன்றாண்டில் நீங்கள் சேரும் சீனியர் வழக்கறிஞர் வாரம் ஒரு தீர்ப்பையாவது திருத்திக் கொடுப்பவராக இருந்தால், கோச்சிங் கட்டணத்தில் பெரும்பகுதி மிச்சம். பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவதற்கு 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2024 ஜூலைத் தீர்ப்பு, அதுவும் இ-எஸ்.சி.ஆர். தேடலுக்குள் அடங்கும்.