மகளுக்குச் செய்துகொடுத்த சத்தியம்: ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ இரண்டு சீசன் பார்த்து முடித்தேன்

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய மடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. 1121-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி கட்டத் தொடங்கிய மடம். 1136 ஜனவரியில் அவரையும் அங்கேயே புதைத்தார்கள். கல்லறை சரியாக எந்த இடம் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நைட் டியூட்டி முடிந்து எட்டு வருஷமாக அந்தச் சுவரைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறேன். அவர் யார், என்ன செய்தார் என்று தேடிப் படிக்க வைத்தது ஒரு டிராகன் தொடர்தான்.

நான் பிரசவ வார்டில் மிட்வைஃப். சொந்த ஊர் நாகர்கோவில். ஆகவே இந்தத் தொடரை நான் பார்த்த விதத்தில் என் வேலையும் கலந்திருக்கும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண் வாரிசு இல்லாத மன்னர் விசெரிஸ், மகள் ரெனீராவைப் பட்டத்துக்கு உரியவளாக அறிவிக்கிறார். பிரபுக்கள் வரிசையாக வந்து மண்டியிட்டுச் சத்தியம் செய்கிறார்கள். அவர் கண்ணை மூடியதும் அவருடைய இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகனுக்கு முடிசூட்டுகிறார்கள். மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இங்கிலாந்தில் ஹென்றிக்குப் பிறகு நடந்த வாரிசுச் சண்டையிலிருந்து இதற்கான கருவை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வரலாறு இப்படி. 1120 நவம்பரில் ‘வெள்ளைக் கப்பல்’ நார்மண்டிக் கரையருகே மூழ்கி, ஹென்றியின் ஒரே முறையான மகன் வில்லியம் இறந்துபோனான். மிஞ்சியது மகள் மட்டில்டா. அவளை ஏற்போம் என்று பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைத்தார் ஹென்றி. முந்திக்கொண்டு சத்தியம் செய்தவர்களில் அவருடைய சகோதரி மகன் ஸ்டீஃபனும் உண்டு. 1135 டிசம்பர் 1-ல் ஹென்றி இறந்தார். டிசம்பர் 22-ல் ஸ்டீஃபன் தலையில் கிரீடம். மூன்றே வாரம். மட்டில்டா அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு இருந்தாள்.

இந்த அவசரத்தைத் தொடர் அருமையாகக் காட்டுகிறது. முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடுக்காகவே இதைப் பார்க்கலாம் என்பேன். மன்னர் இறந்த செய்தி வெளியே போகாமல் கதவுகளை அடைத்துவிட்டு ஆலோசனைக் குழு கூடுகிறது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பளிங்கு உருண்டை. பொருளாளரான கிழவர் ஒருவர் மட்டும் “இது துரோகம்” என்று கத்துகிறார். மெய்க்காவலன் அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைக்கிறான். தலை அந்த உருண்டையில் மோதி உயிர் போய்விடுகிறது. பிணம் மேசையிலேயே சாய்ந்து கிடக்க, கூட்டம் தொடர்ந்து நடக்கிறது. யாரை அடைப்பது, யாருக்கு ஓலை அனுப்புவது என்று பேசுகிறார்கள். ஆட்சி கைமாறும் இரவில் அறைக்குள் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு நெருக்கத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு மனஸ்தாபம். சாகும் நேரத்தில் விசெரிஸ் முனகியதை அவருடைய இரண்டாம் மனைவி ராணி அலிசென்ட் தப்பாகப் புரிந்துகொண்டு, மகனுக்குத்தான் பட்டம் என்றார் என நம்பிவிடுகிறாள். உண்மை வரலாற்றில் ஹியூ பிகாட் என்ற பிரபு, ஹென்றி மரணப் படுக்கையில் மனம் மாறி ஸ்டீஃபனைச் சொன்னார் என்று சத்தியமே செய்தான். அது அரசியல். அதைக் காதில் சரியாக விழாத கதையாக மாற்றியது அலிசென்டைக் காப்பாற்றுகிறது, கதையைப் பலவீனமாக்குகிறது.

இனி முதல் எபிசோடின் பிரசவக் காட்சி. குழந்தை தலைகீழாக இல்லாமல் மாறிக் கிடக்கிறது. மருத்துவர் மன்னரைத் தனியே அழைத்து, ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்கிறார். மன்னர் தலையசைக்க, உயிரோடு இருக்கிற ராணியை, அவருடைய முதல் மனைவியை, நாலு பேர் பிடித்துக்கொண்டு வயிற்றைக் கிழிக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. டிவியை நிறுத்திவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் கை விசெரிஸின் கையைத் தேடுவதுதான் ரொம்ப நேரம் கண்ணில் நின்றது.

மறுநாள் வார்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கூட வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி சொன்னாள்: “அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தானே அக்கா.”

இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். இடைக்கால ஐரோப்பாவில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தது தாய் இறந்த பிறகுதான். குழந்தைக்கு ஞானஸ்நானமாவது கிடைக்கட்டும் என்று. உயிரோடு இருப்பவளை வெட்டுவது வழக்கமே கிடையாது. டிராகன் பறக்கிற கற்பனை உலகத்தில் எதையும் வைக்கலாம், சரி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வரலாறே இப்படித்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அது அந்தக் காலத்து மருத்துவச்சிகளுக்குச் செய்கிற அநியாயம்.

“பொம்பளையை அன்றைக்கு யார் ஏற்றுக்கொள்வார்கள்?” என்பதும் அதே மாதிரிப் பேச்சு. ஸ்பெயினில் லியோனையும் காஸ்டீலையும் உர்ராகா 1109-லிருந்து ஆண்டாள். ஜெருசலேமில் 1131-ல் மெலிசெண்டே பட்டத்துக்கு வந்தாள். மட்டில்டாவே 1141-ல் ஸ்டீஃபனைச் சிறைபிடித்து, முடிசூட லண்டன் வரை வந்துவிட்டாள். கேட்ட வரிப்பணம் அதிகம் என்று லண்டன்காரர்கள் கொதித்தார்கள். மணியடித்துத் திரண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் அவளை ஊரை விட்டே ஓட வைத்தார்கள். ஸ்டீஃபனுக்காகப் படை திரட்டி லண்டனை நெருக்கியது அவன் மனைவி. அவள் பெயரும் மட்டில்டாதான். பெண் என்பது ஒரு காரணம், பணமும் ஊர்க்காரர் கோபமும் வேறு காரணங்கள். மக்கள் எங்கேயும் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை.

முதல் சீசனில் அந்த மக்கள் கூட்டம் டிராகன் காலடியில் நசுங்க மட்டும்தான் வருகிறது. இரண்டாவது சீசன் இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது: முற்றுகையால் தலைநகரில் பசி, ரெனீரா படகில் அனுப்பும் உணவு, அதற்கு அடிதடி, கலவரம். எனக்குப் பிடித்த பகுதி அது. மற்றபடி எட்டு எபிசோடில் பாதி, விசெரிஸின் தம்பி டேமன் பாழடைந்த கோட்டையில் கனவு காண்பதிலேயே போய்விடுகிறது. நாலாவது எபிசோடின் டிராகன் சண்டை பிரமாதம். கடைசி எபிசோடில் படைகள் கிளம்பும்போதே முடித்துவிட்டார்கள், ஏமாற்றம்தான்.

விசெரிஸாக வரும் பேடி கான்சிடைனைச் சொல்லாமல் விட முடியாது. எட்டாவது எபிசோடில் அழுகிய உடம்போடு சிம்மாசனம் வரை நடக்கிறாரே, மகளுக்காக. கிரீடம் கீழே விழ, சண்டைக்காரத் தம்பி டேமன் எடுத்துத் தலையில் வைக்கிறான். வசனம் தேவைப்படவில்லை.

பத்தாவது எபிசோடில் அப்பா இறந்த செய்தி கேட்டு ரெனீராவுக்குக் குறைமாதத்தில் வலி எடுக்கிறது. தொட வருகிறவர்களைத் தள்ளிவிட்டுத் தானே பெற்றெடுக்கிறாள். குழந்தைக்கு உயிரில்லை. அதைத் தன் கையாலேயே துணியில் சுற்றுகிறாள். ரெனீராவாக வரும் எம்மா டார்சி அந்தத் துணியை மடிக்கிற விதம் அப்படியே நிஜம். அந்தத் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவசரப்படவே மாட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள்: கர்ப்பமாக இருக்கிறவர்கள், சமீபத்தில் குழந்தையை இழந்தவர்கள் முதல் எபிசோடையும் பத்தாவதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ராத்திரி தனியாக வேண்டாம், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.