சன் டிவி பங்கா, ஜீ பங்கா? அடகுக் கட்டத்தைப் பார்த்து நான் எடுத்த முடிவு

2019 ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு வைப்புநிதி முதிர்ந்தது. அதே வாரம் ஜீ என்டர்டெயின்மென்ட் பங்கு ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்தது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் கொழுந்தனார் அன்று சாயங்காலமே போன் செய்தார். "அண்ணி, இவ்வளவு பெரிய கம்பெனி இந்த விலைக்கு இனிமே கிடைக்காது. நீங்களும் போடுங்க." அவர் ஜீ வாங்கினார். நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டு சன் டிவி வாங்கினேன். இரண்டும் ஒரே குடும்பத்தில் இருப்பதால் ஆறு வருடத்துக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. டிவி கம்பெனிப் பங்கு வாங்கலாமா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் சாய்வு சன் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கம்பெனிக்கும் விளம்பரமும் சந்தாவும்தான் வருமானம். இரண்டிலும் சீரியல்தான் சோறு போடுகிறது. ஜீ நாடு முழுக்கப் பல மொழிகளில் பரவியது. சன்னின் பலம் தெற்கின் நான்கு மொழிகள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விஜய் டிவியை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பார்கள். அதைத் தனியாக வாங்க வழியில்லை. ஆனால் அதன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1994-ல் ராமசாமி உடையார் கோல்டன் ஈகிள் என்ற பெயரில் தொடங்கிய சானல் அது. பிறகு விஜய் மல்லையா கைக்குப் போய் விஜய் டிவி ஆனது, அவரிடமிருந்து யுடிவிக்கு, 2001-ல் பன்னாட்டு ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் ஸ்டாருக்கு. 2019 மார்ச்சில் ஸ்டாரோடு சேர்ந்து டிஸ்னிக்குப் போனது. 2024 நவம்பர் முதல் ரிலையன்ஸின் பிடியில் இருக்கும் ஜியோஸ்டாரில் இருக்கிறது. இத்தனை கை மாறியும் எங்கள் தெருவில் அதைப் பார்ப்பவர்கள் குறையவில்லை. முதலாளி யாரென்பது பார்ப்பவருக்குத் தேவையே இல்லாத விஷயம். பங்கு வாங்கியவருக்கு அப்படியில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஜீ டிவி 1992 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அரிசி ஏற்றுமதியிலும் பற்பசை ட்யூப் தயாரிப்பிலும் இருந்த சுபாஷ் சந்திரா இந்தியாவின் முதல் தனியார் இந்தி செயற்கைக்கோள் சானலைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே முர்டாக்கின் நிறுவனம் ஏறக்குறைய சரிபாதிக் கூட்டாளியாக உள்ளே வந்தது. 1999-ல் அந்தப் பங்கைத் திரும்ப வாங்கி அவர்களை வெளியே அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய பன்னாட்டு நிறுவனத்திடமிருந்து தன் கம்பெனியை மீட்டவர் என்பதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. 2006-ல் செய்தி, கேபிள், டிஷ் டிவி மூன்றையும் தனித்தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 2008-ல் ஜீ தமிழ் வந்தது.

சன் டிவி அதற்கு ஆறு மாதம் இளையது, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கியது. கலாநிதி மாறன் அதற்கு முன் 'பூமாலை' என்று மாதாந்திர வீடியோ கேசட் இதழ் நடத்திக்கொண்டிருந்தார். கன்னடத்தில் உதயா, தெலுங்கில் ஜெமினி, மலையாளத்தில் சூர்யா என்று வரிசையாக வளர்ந்து, 2006 ஏப்ரலில் பங்கு ஒன்று 875 ரூபாய் என்று பொதுமக்களிடம் வந்து சுமார் 600 கோடி திரட்டினார்கள். அப்போதும் பத்தில் ஒன்பது பங்கு அவரிடமே இருந்தது. பொதுமக்களிடம் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்ற, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிக்காகக் குறைத்துக் குறைத்து இப்போது 75-ல் நிற்கிறது. சட்டம் அனுமதிக்கும் உச்சம் அது.

சரி, அடகுக்கு வருகிறேன். கம்பெனி முதலாளியும் தன் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாம். எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது கம்பெனி வெளியிடும் பங்குதாரர் பட்டியலில் ஒரு கட்டத்தில் இருக்கும். அதைத்தான் அடகுக் கட்டம் என்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்துக்கு அடகைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளியை வைத்துப் பணம் வாங்கினால், விலை இறங்கும்போது கடன் கொடுத்தவர் மேற்கொண்டு வெள்ளி கேட்பார். கொடுக்க முடியாவிட்டால் வைத்ததை விற்றுவிடுவார். பங்கும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தைத் தவிர. நாம் வைத்த வெள்ளியை விற்பதால் ஊரில் வெள்ளி விலை இறங்காது. புரமோட்டரின், அதாவது முதலாளியின், பங்கைச் சந்தையில் கொட்டினால் அந்தப் பங்கின் விலையே இறங்கும், அதனால் மேலும் அடகு கேட்பார்கள், மேலும் விற்பார்கள். விற்பார்களோ என்ற பயம் வந்தாலே போதும், அந்தச் சுற்று தொடங்கிவிடும்.

ஜீயில் நடந்தது இதுதான். கம்பெனி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடன், குழுமத்தின் மற்ற தொழில்களுக்காக, முக்கியமாக உள்கட்டமைப்பு வேலைகளுக்காக முதலாளி குடும்பம் வாங்கியது. அதற்கு, அவர்களிடம் இருந்த ஜீ பங்கில் பாதிக்கு மேல் அடகில் இருந்தது. அந்த ஜனவரி 25-ம் தேதி சுபாஷ் சந்திராவே பகிரங்கக் கடிதம் எழுதி, உள்கட்டமைப்பில் தவறாக ஏலம் எடுத்ததையும் வீடியோகானின் டி2எச் என்ற டிஷ் சேவையை வாங்கியதையும் தவறுகளாக ஒப்புக்கொண்டார். 40 சதவீதத்துக்கு மேல் இருந்த குடும்பத்தின் பங்கு, கடன் அடைக்க விற்று விற்று சுமார் 4 சதவீதத்துக்கு வந்தது. இன்வெஸ்கோ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்ற 11 சதவீதம் மட்டுமே 4,224 கோடி. பிறகு அதே இன்வெஸ்கோ 2021-ல் நிர்வாக இயக்குநரை மாற்றச் சொன்னது. அந்த டிசம்பரில் சோனியோடு இணைப்பு ஒப்பந்தம் ஆனது. கொழுந்தனார் அந்த வாரம் இனிப்பு வாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். 2024 ஜனவரி 22 அன்று சோனி விலகியது. இரண்டு வருடக் காத்திருப்பு வீண்.

இந்தப் பக்கம் பாருங்கள். கலாநிதி மாறன் 2010-ல் ஸ்பைஸ்ஜெட் வாங்கி, 2015-ல் கையைச் சுட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அது அவருடைய தனிக் கணக்கு. சன் டிவி பங்குதாரரின் கதவைக் கடன்காரர் யாரும் தட்டவில்லை. நான் வாங்கிய அன்று பங்குதாரர் பட்டியலில் அடகுக் கட்டத்தில் சைபர்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வருடத்தில் சில தடவை டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விலை பெரிதாக ஏறவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் கெட்ட நாள் கிடையாது.

ஒரு நாளைத் தவிர. 2025 ஜூனில் கலாநிதி மாறனுக்கும் அவர் தம்பி தயாநிதி மாறனுக்கும் இடையே பழைய பங்கு ஒதுக்கீடு பற்றிச் சட்ட நோட்டீஸ் என்று செய்தி வந்தது. அது குடும்ப விவகாரம், தொழிலைப் பாதிக்காது என்று கம்பெனி பங்குச்சந்தைக்குச் சொன்னது. இருந்தாலும் 75 சதவீதம் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டுச் சண்டை நம் வீட்டுக் கவலையாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கம்பெனியிடம் பல ஆயிரம் கோடி ரொக்கமாகவும் முதலீடாகவும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதும் அவர்கள் கையில்தான். 2012-ல் வருடத்துக்கு 85 கோடி என்று ஹைதராபாத் கிரிக்கெட் அணியை எடுத்தார்கள், அது நல்ல முடிவாக அமைந்தது. கலாநிதிக்கும் அவர் மனைவி காவேரி கலாநிதிக்கும் ஆளுக்கு 80 கோடிக்கு மேல் சம்பளம் போன ஆண்டுகளும் உண்டு. அதில் என்னைப் போன்ற சிறு பங்குதாரர் சொல்ல ஒன்றுமில்லை.

கொழுந்தனார் என்னை மடக்குவதும் இந்த இடத்தில்தான். 2025 ஜூலையில் ஜீ குடும்பம் வாரண்ட், அதாவது பிறகு பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை, மூலம் 2,237 கோடி போட்டுத் தன் பங்கை 18.4 சதவீதமாக உயர்த்திக்கொள்ளப் பங்குதாரர்களிடம் ஒப்புதல் கேட்டது. சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். 60 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை, தீர்மானம் தோற்றது. கொழுந்தனார் தோட்டத்தில் உட்கார்ந்து போனில் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். "அண்ணி, உங்க கம்பெனியில இது நடக்குமா?" என்றார். நடக்காது. அங்கே எந்தச் சிறப்புத் தீர்மானத்துக்கும் தேவையான அதே 75 முதலாளியிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலில் அடகுச் சைபரோடு சேர்த்து நான் சந்தோஷப்பட்ட எண்ணும் அதுதான்.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அடகு இல்லாத முதலாளியா, என் ஓட்டுக்கு மதிப்பா என்று கேட்டால் என் வயதுக்கு முதலாவதைத்தான் எடுப்பேன். கொழுந்தனாருக்கு வயது குறைவு, காபி விலை ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பழகிய மனசு. இந்தக் கம்பெனிகளின் மொபைல் செயலிகளான சன் நெக்ஸ்ட், ஜீ5 இரண்டிலும் எது நிற்கும் என்பதில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். நான் மொபைலில் சீரியல் பார்ப்பவள் இல்லை. நான் பங்கு வைத்திருப்பதும் இந்த ஆறேழு வருடம்தான்.

சன் பங்கில் ஒன்றைக்கூட விற்கவில்லை. முன்பெல்லாம் டிவிடெண்ட் வந்ததும் அதிலேயே இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தேன். 2025 ஜூனுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை வைப்புநிதியில் போடுகிறேன். ஒவ்வொரு மூன்று மாதமும் பங்குதாரர் பட்டியல் வெளிவரும்போது அடகுக் கட்டத்தை மட்டும் முதலில் பார்க்கிறேன்.